ஹான்லேக்கு இரண்டு நிமிடம் முன்பே

தமிழ்நாட்டின் ஆந்திர எல்லையை ஒட்டிய பள்ளிப்பட்டிலிருந்து வரைபடத்தில் நேர் வடக்கே ஒரு கோடு இழுத்தால் அது திருப்பதியைத் தொட்டு, பரேலி, நைனிடால், பத்ரிநாத் என்று உரசிக்கொண்டே இமயமலை ஏறும். அந்தக் கோட்டுக்குச் சற்று மேற்கே, சீன எல்லையை ஒட்டிய லடாக்கின் குளிர்பாலைவனத்தில் ஹான்லே என்ற சிற்றூர் இருக்கிறது. இரண்டு ஊர்களின் தீர்க்கரேகைக்கும் உள்ள வித்தியாசம் அரை பாகைதான். பூமி அரை பாகை சுழல இரண்டு நிமிடம் பிடிக்கும். வடக்கையும் தெற்கையும் தலைக்கு மேலாக இணைக்கும் கற்பனைக் கோட்டை ஒரு நட்சத்திரம் பள்ளிப்பட்டில் கடந்தால், இரண்டு நிமிடம் கழித்து அதே நட்சத்திரம் ஹான்லேயிலும் கடக்கும். இரண்டு ஊர்களுக்கும் நடுவே 2,100 கிலோமீட்டருக்கு மேல் நிலம் கிடக்கிறது. இரவு மட்டும் ஏறத்தாழ ஒன்றுதான்.

இரவு வானத்தைப் படம் எடுப்பவர்கள் இந்தியாவில் முதலில் சொல்லும் பெயர் ஹான்லே. பள்ளிப்பட்டை அந்த வரிசையில் யாரும் சொல்வதில்லை. ஆனால் வானத்தின் கணக்கு வேறு. படக்காரர்கள் எல்லோரும் தேடிப்போவது பால்வீதியின் மையப் பகுதியைத்தான். நம் பஞ்சாங்கத்து மூலம், பூராடம் நட்சத்திரங்களுக்கு நடுவே சற்று மேலே, பால்வீதி தடித்துப் பிரகாசமாகும் இடம் அது. வானத்தின் நடுக்கோட்டுக்கு 29 பாகை தெற்கே இருக்கிறது. ஹான்லே 33-ஆவது அட்சரேகையை ஒட்டி இருப்பதால், அந்த மையம் அங்கே எவ்வளவு ஏறினாலும் தெற்குத் தொடுவானத்திலிருந்து 28 பாகைக்கு மேல் போகாது. பள்ளிப்பட்டு 13-ஆவது அட்சரேகையை ஒட்டிய ஊர். இங்கே அது 47 பாகைக்கும் மேல் ஏறுகிறது. தொடுவானத்துக்கும் தலை உச்சிக்கும் ஏறக்குறையச் சரிபாதி உயரம்.

திரிசங்கு என்று நாம் சொல்லும் தென்சிலுவை ஹான்லேயில் முழுதாக எழுவதே இல்லை. பள்ளிப்பட்டில் மே மாத நடுவில், இரவு ஒன்பதேகால் மணிவாக்கில், நேர் தெற்கே 16 பாகை உயரத்தில் நிமிர்ந்து நிற்கும். அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்தில் ஒமேகா சென்டாரி உச்சத்துக்கு வருகிறது. 17,000 ஒளியாண்டு தூரத்தில் ஒரு கோடி அளவுக்கு நட்சத்திரங்கள் உருண்டையாகத் திரண்டிருக்கும் கொத்து அது. வெறுங்கண்ணுக்குக் கொஞ்சம் கலங்கிய ஒரு நட்சத்திரம் போலத்தான் தெரியும். இங்கே அதன் உயரம் 29 பாகை, ஹான்லேயில் 10. வானத்தின் செழிப்பான பாதி தெற்கே இருக்கிறது, நாம் தெற்கே பிறந்திருக்கிறோம். இந்தச் சொத்தைப் பற்றி நம்மில் பெரும்பாலோர் கேள்விப்பட்டதுகூட இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

நம்மிடம் இல்லாதது இருட்டு. அதோடு, வறண்ட காற்று.

பாலைவனத்தை ஏன் தேடிப்போகிறார்கள்? நட்சத்திரத்தின் ஒளி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வெற்றிடத்தில் சேதமில்லாமல் வந்து, கடைசி சில கிலோமீட்டர்களில்தான் சிக்கிக்கொள்கிறது. நீராவி அதில் ஒரு பகுதியை விழுங்குகிறது. தூசும் ஈரத்துளியும் அதைச் சிதறடிக்கின்றன. ஊர் விளக்குகளிலிருந்து மேலே போகும் வெளிச்சத்தையும் அவையே நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகின்றன. ஹான்லேயில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஆய்வகம் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் பாதியைவிடச் சற்றுதான் அதிகம். ஆண்டு முழுக்கப் பெய்யும் மழையும் பனியும் சேர்த்தே 10 சென்டிமீட்டரைத் தாண்டாது. வருடத்தில் 260 இரவுகள் வரை ஆய்வுக்கு உதவுகின்றன. 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் அங்கே முதல் ஒளியைக் கண்ட 2 மீட்டர் இமாலயச் சந்திரா தொலைநோக்கியை, பெங்களூரு அருகே ஹோசகோட்டையில் உட்கார்ந்தபடி செயற்கைக்கோள் வழியாக இயக்குகிறார்கள். சந்திரா என்பது சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துப் பின்னாளில் நோபல் வாங்கிய சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர்.

உயரமும் வறட்சியும் இயற்கை தந்தவை. இருட்டை மனிதர்களும் சேர்ந்தே காப்பாற்றுகிறார்கள். 2022 டிசம்பரில் லடாக் நிர்வாகம் ஹான்லேயைச் சுற்றி 1,073 சதுர கிலோமீட்டரை இருள்வானக் காப்பகமாக அறிவித்தது. வெளிச்சம் வெளியே கசியாதபடி வீட்டு ஜன்னல்களில் கனத்த திரை போடுகிறார்கள். தெருவிளக்கை மூடி போட்டுக் கீழ்நோக்கித் திருப்பியிருக்கிறார்கள். வண்டிகள் ஹைபீம் போடக் கூடாது. ஊர் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் தொலைநோக்கி கொடுத்துப் பயிற்சி தந்து, வரும் பயணிகளுக்கு வானம் காட்டுவதை ஒரு பிழைப்பாகவே ஆக்கியிருக்கிறார்கள். இருட்டால் ஊருக்கு வரும்படி என்றால், இருட்டை ஊரே காவல் காக்கிறது. இதை நான் பெரிய காரியமாக நினைக்கிறேன்.

கேமரா அங்கே என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். இணையத்தில் வரும் பால்வீதிப் படங்களைப் பார்த்துவிட்டு, கண்ணுக்கு இப்படித் தெரியவே தெரியாது, இதெல்லாம் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்பவர்கள் உண்டு. முன்பாதி உண்மை. இரவுப் படத்துக்கு வழக்கமாகப் போடுவது 20 மில்லிமீட்டர் லென்ஸ், துவாரம் எஃப் 2.8. இருபதை 2.8-ஆல் வகுத்தால் ஒளி நுழையும் வாசலின் குறுக்களவு 7 மில்லிமீட்டர். இருட்டுக்குப் பழகிய இளவயதுக் கண்ணின் பாவை விரிவதும் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர்தான். ஆகவே ஒரே நேரத்தில் கண்ணுக்குள் எவ்வளவு ஒளி போகிறதோ அவ்வளவேதான் அந்த லென்ஸுக்குள்ளும் போகிறது.

வித்தியாசம் நேரத்தில் இருக்கிறது. கண் ஏறத்தாழ விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் ஒளியைச் சேர்த்து மூளைக்கு அனுப்பிவிட்டு, அடுத்த கணக்கைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. புலி வருகிறதா என்று பார்க்க அமைந்த உறுப்புக்கு அதுதான் சரி. கேமராவின் ஷட்டர் 25 விநாடி திறந்திருக்கும். கண் ஒரு தடவையில் சேர்ப்பதைப்போல 250 மடங்கு. வானத்தில் இல்லாத எதையும் அது கூட்டுவதில்லை. இருப்பதைக் காத்திருந்து வாங்குகிறது.

நிறமும் அப்படியே. மங்கலான ஒளியில் நம் விழித்திரையில் வேலை செய்வது குச்சி செல்கள். அவற்றுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது, அதனால் எந்த மேகமும் நமக்குச் சாம்பலாகவே தெரிகிறது. தனுசு ராசியின் வாயு மேகங்களில் ஹைட்ரஜன் 656 நானோமீட்டரில் சிவப்பாக ஒளிர்வது நிஜம், நம் கண்ணுக்குத்தான் எட்டாது. நன்றாக இருண்ட இடங்களில் எடுத்த படங்களில் தொடுவானத்தை ஒட்டி ஒரு பச்சைப் பூச்சு வரும். அது படக்காரரின் கைவரிசை அல்ல. பகல் வெயிலில் சக்தி ஏறிய ஆக்ஸிஜன் அணுக்கள் 100 கிலோமீட்டர் உயரத்தில் இரவெல்லாம் அந்தச் சக்தியை 557.7 நானோமீட்டர் ஒளியாக விட்டுக்கொண்டிருக்கின்றன. உலகில் எந்த இரவும் முழு இருட்டு இல்லை, காற்றே தன்பாட்டுக்கு ஒளிர்கிறது. 2024 மே 10, 11 தேதிகளில் பெரிய சூரியப் புயல் அடித்தபோது ஹான்லேயின் கேமராக்களில் வடக்குத் தொடுவானம் செக்கச்செவேல் என்று பதிந்தது. துருவ ஒளியின் கீழ்ப்பகுதிப் பச்சை பூமியின் வளைவுக்குப் பின்னால் மறைந்துபோக, 200 கிலோமீட்டருக்கு மேலே ஒளிரும் சிவப்பு மட்டும் அங்கே எட்டிப் பார்த்தது.

ஷட்டரை ஏன் மணிக்கணக்கில் திறந்து வைக்கக் கூடாது? பூமி சுழல்கிறது. விநாடிக்கு 15 விகலை. கொஞ்ச நேரம் தாண்டினாலே நட்சத்திரப் புள்ளி இழுபட்டுக் கோடாகிவிடும். 500-ஐ லென்ஸின் மில்லிமீட்டரால் வகுத்தால் எத்தனை விநாடி தாங்கும் என்பது படக்காரர்களின் வாய்ப்பாடு. 20 மில்லிமீட்டருக்கு 25 விநாடி. இன்றைய நுண்ணிய சென்சாருக்கு அதையும் பாதியாக்கிக்கொள்வது நல்லது. இன்னொரு வழி, பூமியின் வேகத்துக்கு எதிர்த்திசையில் கேமராவை மெல்லத் திருப்பும் கருவியைப் பூட்டுவது. ஹான்லே ஆய்வகப் பொறியாளர் டோர்ஜே அங்சுக் அந்த முறையில் 24 மணி நேரம் படம் பிடித்து 2025-இல் வெளியிட்டார். அதில் நட்சத்திரங்கள் நகராமல் நிற்க, மலையும் மண்ணும் சாய்ந்து சுழன்று போகின்றன. சுழல்வது நாம்தான் என்று ஐந்தாம் வகுப்பிலிருந்து படிக்கிறோம். அந்தப் படத்தைப் பார்க்கும்போதுதான் காலடி கொஞ்சம் ஆடுகிறது.

இருட்டை அளக்கும் கோலுக்கும் சென்னைக்கும் உறவுண்டு. நட்சத்திர ஒளித்தரத்தில் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் 2.512 மடங்கு, ஐந்து படிக்கு நூறு மடங்கு என்று 1856-இல் வரையறுத்தவர் நார்மன் பொக்சன். 1861-இல் அவர் மதராஸ் வானாய்வகத்தின் தலைவராக நுங்கம்பாக்கத்துக்கு வந்தார். 1891-இல் இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். வந்த ஆண்டே, ஏப்ரல் 17 அன்று, அங்கிருந்து ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்து அதற்கு ஏசியா என்று பெயர் வைத்தார். அவரிடம் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளி நட்சத்திரத்தை அடையாளம் கண்டார். அந்த நட்சத்திரம் சென்னையில் தெற்குத் தொடுவானத்திலிருந்து 14 பாகைக்கு மேல் ஏறாது. நுங்கம்பாக்கத்தில் நின்று அவ்வளவு தாழ்வான இடத்தில் வெறுங்கண்ணுக்கு எட்டாத ஒரு நட்சத்திரத்தின் ஏற்ற இறக்கத்தைக் கவனிக்க முடிந்த இரவுகள் நம் நகரத்துக்கே ஒருகாலத்தில் வாய்த்திருந்தன.

வானத்தின் இருட்டை இன்றும் பொக்சனின் படிகளில்தான் சொல்கிறார்கள். மாசுபடாத வானத்தில் ஒரு சதுர விகலைப் பரப்பிலிருந்து 22-ஆம் ஒளித்தர நட்சத்திரத்தின் அளவுக்குத்தான் வெளிச்சம் வரும். ஹான்லே அந்த எண்ணை ஒட்டி நிற்கிறது. பெருநகர மையங்களில் அது 17, 18. நான்கு படி இறங்கினாலே வானம் 40 மடங்கு வெளிச்சமாகிவிட்டது என்று பொருள். பால்வீதியின் ஒளி அப்படியேதான் வந்து விழுகிறது. அதன்மேல் 40 மடங்கு வெளிச்சத்தை நாம் கொட்டுகிறோம்.

பள்ளிப்பட்டு இந்த இரண்டு முனைக்கும் நடுவே நிற்கும் ஊர். அதனால் எந்தத் திசையைப் பார்க்கிறோம் என்பது இங்கே ரொம்ப முக்கியம். நேர் வடக்கே 35 கிலோமீட்டருக்குள் திருப்பதி, இரவு முழுக்க விழித்திருக்கும் ஊர். துருவ நட்சத்திரம் இங்கே 13 பாகை உயரத்தில்தான் இருக்கிறது, அந்த வெளிச்சக் கூடாரத்துக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். துருவத்தை நடுவில் வைத்து வட்டவட்டமாக நட்சத்திரக் கோடுகள் எடுக்க வருகிறவர்களுக்கு இந்த ஊர் ஏமாற்றம்தான் தரும். கிழக்கே, சற்றுத் தெற்கு சாய்ந்து, நேர்கோட்டில் 90 கிலோமீட்டருக்கு மேலே சென்னை. மேற்கே சித்தூர். தெற்கே சோளிங்கர், அதற்கும் அப்பால் ராணிப்பேட்டையும் வாலாஜாவும். தெற்கிலும் தொடுவானத்தை ஒட்டிய பாகைகள் வெளுத்திருக்கும். ஆனால் பால்வீதி மையம் அதற்கெல்லாம் மேலே 47 பாகையில் போகிறது. 28 பாகையிலேயே நின்றிருந்தால் ஊர் வெளிச்சத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். தெற்கே பிறந்த அனுகூலம் இங்கேதான் கைகொடுக்கிறது.

1960 ஏப்ரலில் மாநில எல்லை மாற்றியமைக்கப்பட்டபோது திருத்தணியோடு இந்தப் பகுதியும் ஆந்திரத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தது. வெளிச்சத்துக்கு அந்த எல்லை தெரியாது. பள்ளிப்பட்டின் இருட்டில் பாதி ஆந்திர நகராட்சிகளின் விளக்குக் கம்பங்களில் தீர்மானமாகிறது. நீல நிறம் கலந்த வெள்ளை எல்இடி விளக்குகள் வந்தபிறகு நிலைமை மோசம். காற்று மூலக்கூறுகள் பழைய சோடியம் விளக்கின் மஞ்சளைவிட நீலத்தை ஏறத்தாழ மூன்று மடங்கு சிதறடிக்கும். பகல் வானம் நீலமாவதற்கு என்ன காரணமோ அதே காரணம் இரவு வானத்தைக் கெடுக்கிறது. இதற்கு வைத்தியம் எளிது. விளக்குக்கு மேல் ஒரு தகட்டு மூடி, கொஞ்சம் மஞ்சள் சாயலுள்ள பல்பு. தெருவும் அதிகம் தெரியும், கரண்டும் மிச்சம். இத்தனை சுலபமான ஒன்றைச் செய்யாமல் இருக்கிறோமே என்பது எனக்கு ஆறவே இல்லை.

பள்ளிப்பட்டில் கொசஸ்தலை ஆற்று மணல் வருடத்தின் பெரும்பகுதி வறண்டு கிடக்கிறது. ட்ரைபாட் ஊன்றவும் தெற்கே திறந்த வானம் பார்க்கவும் அது நல்ல இடம். வெள்ளம் வரும் காலத்தில் மட்டும் அந்தப் பக்கம் போகக் கூடாது. மே மாத அமாவாசையை ஒட்டி, நடு இரவு தாண்டி இரண்டரை மணிக்குப் பால்வீதி மையம் நேர் தெற்கே நிற்கும். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாளை ஒட்டிக்கொள்ள வேண்டும். இருட்டுக்குப் பழக அரை மணி எடுக்கும் கண், செல்போன் திரையை ஒருமுறை பார்த்தால் பழையபடி ஆகிவிடும். இரவுப் படத்துக்கு நம் ஊருக்கே உரிய இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று சூடு. சென்சார் சூடாக இருந்தால் ஒளியே படாமலும் அதில் எலக்ட்ரான்கள் கசியும். ஆறேழு டிகிரி ஏறினால் இந்தக் கசிவு இரட்டிப்பாகிறது. மைனஸ் 20-இல் நடுங்கும் ஹான்லே இரவில் பேட்டரி சீக்கிரம் செத்துப்போகும், படம் மட்டும் சுத்தமாக வரும். இங்கே 28 டிகிரியில் படம் முழுக்கச் சிவப்பும் நீலமுமாகப் பொட்டுப்பொட்டாகத் தெறித்திருக்கும். லென்ஸை மூடியால் அடைத்து, அதே நேரத்துக்கு ஒரு கறுப்புப் படம் எடுத்து, அதைக் கழித்தால் பெரும்பாலான பொட்டுகள் போய்விடும்.

மீதி இரைச்சலுக்கு ஒரே மருந்து, பல படங்களை அடுக்கிச் சேர்ப்பது. திருத்தணிக் கோயிலில் நூறு பேர் கூடித் திருப்புகழ் பாடும்போது பாட்டு எல்லோருக்கும் ஒன்றாகவே விழுகிறது, இருமல்கள் வேறுவேறு நேரத்தில் விழுகின்றன. அதனால் பாட்டு கேட்கிறது, இருமல் அமுங்குகிறது. பதினாறு படங்களைச் சேர்த்தால் நட்சத்திர ஒளி 16 மடங்காகும், இரைச்சல் 4 மடங்குதான் கூடும். 2019 முதல் கூகுள் பிக்சல் செல்போன்கள் இதே வேலையைத் தாமாகவே செய்கின்றன. 16 விநாடிப் படங்கள் பதினைந்தை எடுத்து ஒன்றாக்கித் தருகின்றன. விலையுயர்ந்த கேமரா இல்லாதவர்களுக்கும் வானம் இப்போது கையெட்டும் தூரத்தில் இருக்கிறது.

இரண்டாவது தொல்லை பனி. மார்கழி, தை இரவுகளில் வானம் கண்ணாடி போலிருக்கும், ஆனால் இரண்டு மணிக்கு மேல் நட்சத்திரங்களைச் சுற்றி ஒவ்வொன்றுக்கும் ஒரு மங்கல் வளையம் பதியத் தொடங்கும். டார்ச்சை லென்ஸில் சாய்வாக அடித்துப் பார்த்தால் கண்ணாடி முழுக்க மாவு தூவியதுபோல நுண்துளிகள் உட்கார்ந்திருப்பது தெரியும். இருண்ட வானத்தைப் பார்த்து நிற்கும் கண்ணாடி தன் வெப்பத்தை மேலே விட்டுவிட்டுச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. அதுதான் காரணம். துணியால் துடைத்தால் ஐந்து நிமிடத்தில் திரும்பி வரும். லென்ஸைச் சுற்றி, பவர் பேங்கில் ஓடும் சின்ன ஹீட்டர் பட்டையைக் கட்டினால்தான் நிற்கும்.

இத்தனை குறைகளோடும் தமிழ்நாட்டு இரவு என்ன செய்யும் என்பதற்குச் சான்று பக்கத்திலேயே இருக்கிறது. வானியலாளர் வேணு பாப்பு வானாய்வகம் அமைக்க 1960-களில் தென்னிந்தியா முழுக்க அலைந்து தேர்ந்த இடம், ஜவ்வாது மலையில் 725 மீட்டர் உயரத்திலுள்ள காவலூர். பாலைவனம் கிடைக்கவில்லை என்று அவர் உட்கார்ந்துவிடவில்லை. தெற்கு வானம் எட்டும்படியாக, நடுக்கோட்டுக்கு அருகில், ஊர் வெளிச்சம் படாத சந்தனக்காட்டுக்குள் ஒரு மேட்டைப் பிடித்தார். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அதன் வளையங்கள் அந்த ஒளியைச் சிமிட்டவைத்ததைக் காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியும் பதிவு செய்தது. 1988 பிப்ரவரி 17 அன்று அங்கே கண்டுபிடித்த குறுங்கோள் இப்போது கணிதமேதை ராமானுஜனின் பெயரில் சுற்றுகிறது. இதையெல்லாம் தந்த அதே அட்சரேகைப் பட்டையில்தான் பள்ளிப்பட்டும் இருக்கிறது.

கேமரா வைத்திருக்கும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் இரண்டு இரவுகளைச் சொல்வேன். முதலாவது ஆடிக் கிருத்திகை. காவடி எடுத்துத் திருத்தணி மலையேறும் லட்சம் பேரில் எத்தனை பேர் அந்தக் கார்த்திகையை வானத்தில் தேடியிருப்பார்கள்? நிலவு கார்த்திகை நட்சத்திரத்தோடு சேரும் நாள்தான் விசேஷம். ஆடியில் அந்தச் சேர்க்கை தேய்பிறையில் நிகழும். நடு இரவுக்குப் பிறகு கிழக்கே, குறுகிவரும் நிலவும் அதன் அருகே ஆறுமுகனை வளர்த்த ஆறு பேரும் எழுந்து வருவார்கள். கார்த்திகை தீபத்தன்றும் இதே சேர்க்கைதான், ஆனால் நிலவு ஏறக்குறைய முழுதாக இருப்பதால் அதன் வெளிச்சத்தில் அந்தக் கொத்து அமுங்கிவிடும். ஆடியில் மேகம் விலகினால் வாய்ப்பு அதிகம். கண்ணுக்கு ஆறு தெரியும் இடத்தில் கேமராவுக்குப் பல பத்து நட்சத்திரங்கள் விழும். நிலவில்லாத வேறொரு நாளில், வானத்தைத் தொடரும் கருவி பூட்டி நீண்ட நேரம் எடுத்தால், அவற்றைச் சுற்றி நீலப் புகைபோல ஒன்று வரும். அந்தக் கொத்து 440 ஒளியாண்டு தூரத்தில் தற்செயலாகக் கடந்துகொண்டிருக்கும் தூசு மேகம் அது.

இரண்டாவது டிசம்பர் 31. திருத்தணியில் வருடத்தின் நாளுக்கொன்றாக 365 படிகளுக்கும் பூசை செய்து, நடு இரவில் சாமி கும்பிட மக்கள் மலையேறும் நாள். அன்று 12 மணிக்குச் சில நிமிடம் முன்பாக அகத்திய நட்சத்திரம் மிகச் சரியாக நேர் தெற்கே வந்து 24 பாகை உயரத்தில் நிற்கும். அதற்கு மேலே, சற்றுக் கிழக்கே, 60 பாகையில் சிரியஸ். இரவு வானத்தின் மிகப் பிரகாசமான இரண்டு நட்சத்திரங்கள் இவைதான், நகர வெளிச்சமோ நிலவோ இவற்றை மறைக்காது. மலைமேல் தெற்கு திறந்த ஓர் இடத்தில் ட்ரைபாட், 20 மில்லிமீட்டர் லென்ஸைச் செங்குத்தாகத் திருப்பி, எஃப் 2.8, ஐஎஸ்ஓ 800, பத்து விநாடி. கோயில் விளக்குகள் வெளுத்துப்போனால் ஐந்து விநாடிக்கு இறக்கலாம். பன்னிரண்டு அடிப்பதற்கு முன்பே ஷட்டரை அழுத்திவிட வேண்டும், அகத்தியர் உச்சம் தாண்டுவது ஐந்து நிமிடம் முந்தி.